தொடங்கிய மாத்திரைக்கு முடிவுத் தேதி எங்கே?

வயிற்று அமில மருந்துகளைப் பத்திரமாக உட்கொள்வது எப்படி?

மூட்டுவலிக்காக வைத்தியரைப் பார்த்து வந்தவரின் சீட்டையும், காய்ச்சலுக்காகப் போய் வந்தவரின் சீட்டையும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவரின் சீட்டையும் வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தால், நோய் வேறு, வயது வேறு, எழுதிய கை வேறு என்றாலும், மூன்றிலும் ஒரே இனத்தைச் சேர்ந்த ஒரு மாத்திரையின் பெயர் இடம்பெற்றிருப்பதை நம் ஊர்களில் பெரும்பாலும் காணலாம். பேன்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரேபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று அதற்குச் சாஸ்திரப் பெயர்கள் பல. ஜனங்கள் வழங்கும் பெயரோ 'கேஸ் மாத்திரை' அல்லது 'அல்சர் மாத்திரை'. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அதில் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் காப்பியைத் தொடுவது என்ற வழக்கம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று நீண்டு, எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோன நிலையில் எத்தனையோ குடும்பங்களில் நிலைபெற்றுவிட்டது.

இந்த மருந்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய காலம்வரை உட்கொள்ளப்படுமானால் இதைப்போல் உபகாரமானதும் பத்திரமானதுமான மருந்துகள் சிலவே. ஆனால், ஆரம்பிக்கும்போது காரணம் கேட்கப்படாமலும், ஆரம்பித்தபின் முடிவு குறிக்கப்படாமலும் அது நாளாந்த ஆகாரத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும்போது, கிடைக்கும் பிரயோஜனம் வரவரக் குறைந்து, நேரக்கூடிய தீங்கு மெல்ல மெல்ல ஏறுகிறது. ஆகவே இந்த மாத்திரையின் வேலை யாது, அதை எப்படி உட்கொள்வது, எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டாம், எப்போது எப்படி நிறுத்துவது என்பவற்றை உண்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

அமிலத்தின் காரியமும் மருந்தின் வரலாறும்

நம் இரைப்பையின் சுவரில் உள்ள ஒருவகை உயிரணுக்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. ஆகாரத்திலுள்ள புரதத்தை ஜீரணிக்கும் நொதியைக் கிளப்புவதும், உணவோடும் நீரோடும் உள்ளே புகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே மடியச்செய்வதும், இரும்பு, கால்சியம், பி12 வைட்டமின் ஆகியவை உடம்பில் சேருவதற்குத் துணைபுரிவதும் அந்த அமிலத்தின் காரியங்கள். அமிலம் நமக்குப் பகையன்று. உணவுக்குழாய்க்குள் ஏறி எரிக்கும்போதோ, புண்பட்ட இடத்தை ஆறவிடாமல் அரிக்கும்போதோ மாத்திரமே அதைக் கட்டுப்படுத்தும் அவசியம் நேருகிறது.

அவ்வாறு கட்டுப்படுத்த வழியில்லாத காலத்தில் வயிற்றுப்புண் மனிதரை வாட்டியதற்கு அளவில்லை. அமிலத்தைச் சிறிது நேரம் தணிக்கும் சுண்ணப் பொடிகளும் பால் ஆகாரமும் பயன்படாதபோது, இரைப்பையின் ஒரு பாகத்தை வெட்டி எடுப்பதோ, அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுப்பதோதான் எஞ்சிய உபாயமாக இருந்தது. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து அந்த நிலையை மாற்றியது. அப்பணிக்காகவும் வேறு மருந்துகளைக் கண்டதற்காகவும் அவர் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 1988-ல் ஸ்வீடன் தேசத்து நிறுவனமொன்று ஒமெப்ரசோலை வெளியிட்டது. முந்தைய மருந்துகள், அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் தூதுகளில் ஒன்றான ஹிஸ்டமினை மாத்திரம் தடுத்தன. இதுவோ, அமிலத்தை இரைப்பைக்குள் தள்ளும் கடைசி இயந்திரமாகிய 'புரோட்டான் பம்ப்'பிலேயே பற்றிக்கொண்டு, அதை மீளாதபடி முடக்குகிறது. புதிய பம்புகள் உற்பத்தியாகும் வரையில் சுரப்பு மீள்வதில்லை. இதனாலேயே ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் இம்மருந்தின் பலன் ஒரு நாளைக் கடந்தும் நீடிக்கிறது.

வயிற்றுப்புண்ணின் காரணத்தைப் பற்றிய எண்ணமும் இதே காலத்தில்தான் புரண்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலான புண்களுக்கு மூலம் என்றார்கள். நம்ப மறுத்தவர்களுக்குப் பிரத்யட்சமாகக் காட்டுவதற்காக மார்ஷல் 1984-ல் அக்கிருமிகள் கலந்த திரவத்தைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சரித்திரத்திலிருந்து நோயாளி அறிய வேண்டியது ஒன்று உண்டு: கிருமியால் வந்த புண்ணுக்கு அமில மாத்திரையை மாத்திரம் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அதனோடு கிருமிநாசினிகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் தவறாமல் உட்கொண்டால் கிருமி ஒழிந்து, புண் மறுபடி வருவது வெகுவாகக் குறைகிறது. கிருமி இருக்கிறதா என்று அறியும் மூச்சுப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் இரண்டு வாரம் முன்னதாகவே இம்மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதையும் வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.

உட்கொள்ளும் முறை

ஆகாரம் உள்ளே போகும்போதுதான் பம்புகள் மிகுதியாக விழித்தெழுகின்றன. விழித்திருக்கும் பம்பைத்தான் இம்மருந்து பற்றும். ஆகவே காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக, தண்ணீரோடு உட்கொள்வதே சிறந்த முறை. சாப்பிட்டபின் நெஞ்சு எரியும்போது ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வதும், மாத்திரையை விழுங்கிவிட்டுப் பகல்வரை பட்டினி கிடப்பதும் மருந்தின் பலனைப் பெரிதும் குறைத்துவிடும் செயல்கள். முழுப்பலன் தெரிய மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகலாம் என்பதால், முதல் நாளே எரிச்சல் அடங்கவில்லையென்று அளவை இரட்டிப்பாக்குவது தவறு. ஒருவேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்து உண்பதும் கூடாது.

இம்மருந்து அமிலத்தில் அழியும் ஸ்வபாவமுடையது; அது சேதமின்றிக் குடலை அடையவேண்டும் என்பதற்காகவே மேற்பூச்சு இட்டுத் தயாரிக்கப்படுகிறது. ஆகையால் மாத்திரையைக் கடித்தும் பொடித்தும் உண்ணலாகாது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு மாற்று வடிவம் உண்டா என்று வைத்தியரையோ மருந்தாளுநரையோ கேட்பதே முறை. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், ஈரல் நோயுள்ளவர்களும் தங்கள் நிலையைச் சொல்லிய பின்னரே சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாள் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் பிரதானமானது. சிறுகுடலின் ஆரம்பத்தில் உண்டான புண்ணுக்குச் சாதாரணமாக 4 வாரம்; இரைப்பைப் புண்ணுக்கும், அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்படுத்தியதற்கும் பெரும்பாலும் 8 வாரம். அமெரிக்காவில் சீட்டில்லாமல் வாங்கக் கிடைக்கும் ஒமெப்ரசோலின் உறையில், 14 நாளுக்குமேல் தொடரக்கூடாது என்றும், வைத்தியர் சொன்னாலன்றி நான்கு மாதத்துக்குள் மறுபடி அதைத் தொடங்கக்கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலோ இம்மருந்துகள் 'எச்' அட்டவணையில் சேர்ந்தவை. பதிவுபெற்ற வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கலாகாது என்பது சட்டம். சட்டம் அவ்வாறிருக்க, 'ஒரு அட்டை கேஸ் மாத்திரை கொடுங்கள்' என்று கேட்டவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அன்றாடக் காட்சியாக இருக்கிறது.

பக்க விளைவுகள்: அஞ்ச வேண்டியவையும் அஞ்ச வேண்டாதவையும்

சில நாள் உட்கொள்பவர்களுக்குத் தலைவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குமட்டல், வயிற்று உப்புசம் ஆகியவை உண்டாகலாம். இவை பெரும்பாலும் லேசானவை, மருந்தை நிறுத்தியதும் நீங்குபவை. மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நீளும் உபயோகத்தில் நேரக்கூடியவைதாம் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, ரத்தத்தில் மெக்னீஷியம் குறைதல். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-ல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கொண்டவர்களிடம் காணப்படும் இக்குறை, தசைப்பிடிப்பாகவும், கைநடுக்கமாகவும், சிலருக்கு வலிப்பாகவும், இதயத் துடிப்பின் ஒழுங்கீனமாகவும் வெளிப்படக்கூடும். சிறுநீர் பிரியும் மாத்திரைகளையும் டிகாக்சினையும் சேர்த்து உண்பவர்கள் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். இரண்டாவது, பி12 வைட்டமின் குறைவு. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே பி12 குறைய இடமுண்டு. சைவ உணவினருக்கு ஆகாரத்தில் அது கிடைப்பதே சொற்பம். இவ்விரண்டோடு அமில மாத்திரையும் வருஷக்கணக்கில் சேரும்போது, கால் மரத்துப்போவதையும் சோர்வையும் சர்க்கரையின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாகாது. மூன்றாவது, எலும்பு பற்றியது: அதிக அளவிலோ நெடுங்காலமோ உட்கொள்ளும் முதியவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுக்கான சாத்தியம் சற்று உயர்ந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியதன்மேல், 2010-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

நான்காவது, சிறுநீரகம். ஒவ்வாமையினால் சிறுநீரகத் திசு அழற்சியுறும் ஒரு கேடு, அபூர்வமாகவேனும், இம்மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் எக்கட்டத்திலும் நேரலாம். சிறுநீர் குறைவதும், அதில் ரத்தம் தென்படுவதும், காரணம் தெரியாத காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் கூடிவருவதும் அதன் அறிகுறிகள். திடீர்ச் சிறுநீரக பாதிப்பைப் பற்றிய எச்சரிக்கையைத் துண்டறிக்கையில் சேர்க்குமாறு நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அலுவலகமும் 2019-ல் பணித்தது. ஐந்தாவது, குடல் தொற்று. வாசற்காவலாகிய அமிலம் தணிந்துவிட்டால் கிருமிகள் உள்ளே செல்வது சுலபமாகிறது. கிருமிநாசினி மருந்துகளுக்குப்பின் தாக்கும் கடுமையான பெருங்குடல் தொற்றொன்றும் இதனால் மிகுகிறது. குடிநீர் கெட்டுப்போகும் மழைக்காலங்களில் காய்ச்சி ஆறிய நீரையே பருகுவது இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

இத்தனையும் படித்துவிட்டு, மாத்திரையைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். இந்த ஆபத்துகளில் பல, இம்மருந்து உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்ததில் தெரிந்தவை. மருந்து உண்பவர்கள் ஏற்கெனவே முதியவர்களாகவும் பல நோய் உடையவர்களாகவும் இருப்பதால், மருந்தின் குற்றம் எது, நோயின் குற்றம் எது என்று பிரித்தறிவது கடினம். இந்தச் சந்தேகத்தைத் தெளிவிக்கும் வகையில், இதய, ரத்தநாள நோயுள்ள சுமார் 17,600 பேரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பேன்டோப்ரசோலும் மறு பகுதிக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் கொடுத்துச் சுமார் மூன்று வருஷம் கவனித்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. குடல் தொற்று மாத்திரம் 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாக உயர்ந்திருந்தது. எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் முதலியவற்றில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மூன்று வருஷத்துக்கு இந்த ஆறுதல் உண்டு. காரணமே இல்லாமல் பத்து வருஷம் உண்பதற்கு இதை அனுமதிச்சீட்டாகக் கொள்ளக்கூடாது. தேவையில்லாத மருந்தில் நன்மை பூஜ்யமாதலால், சிறு அபாயம்கூட நஷ்டமேயாகும்.

கூட்டுச் சேரும் மருந்துகள்

இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் உண்ணும் குளோபிடோக்ரெல், ஈரலில் ஒரு நொதியால் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுப்பதால் அவ்விரண்டையும் அதனோடு சேர்ப்பதைத் தவிர்க்குமாறு எச்சரிக்கை உள்ளது. அவசியமானால் வைத்தியர்கள் பேன்டோப்ரசோலைத் தேர்ந்துகொள்கிறார்கள். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை உடம்பில் சேருவதும் அமிலக் குறைவால் மட்டுப்படலாம். மெதோட்ரெக்சேட், வார்ஃபரின் உண்பவர்கள் அதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

நம் நாட்டில் விசேஷ ஜாக்கிரதை வேண்டிய இன்னொன்று, பெயரின் கடைசியில் 'டி' என்ற எழுத்தைச் சுமந்து வரும் கூட்டு மாத்திரைகள். இவற்றில் பெரும்பாலும் அமில மருந்தோடு வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோனும் கலந்திருக்கிறது. அது இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தி, சிலருக்கு அபாயகரமான துடிப்புக் கோளாறை உண்டாக்கக்கூடும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உண்பவர்களுக்கும் அந்த அபாயம் மிகுதி. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல், குமட்டலுக்கும் வாந்திக்கும் மாத்திரம், சாதாரணமாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் இதைக் கொடுக்க வேண்டும் என்று வரையறுத்தது. வெறும் நெஞ்செரிச்சலுக்கு வருஷம் முழுதும் இந்தக் கூட்டு மாத்திரையை உண்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. வயிற்று மருந்து இதயத்தைத் தாக்குவது நமக்குப் புதிதுமன்று: ஒருகாலத்தில் நெஞ்செரிச்சலுக்குத் தாராளமாக எழுதப்பட்ட சிசாப்ரைட், துடிப்புக் கோளாறால் மரணங்கள் நேர்ந்ததன்மேல் பல தேசங்களில் விலக்கப்பட்டு, இந்தியாவில் 2011-ல் தடைசெய்யப்பட்டது.

நிறுத்தும் முறை

'நிறுத்திப் பார்த்தேன், மூன்றாம் நாளே நெஞ்சு எரிந்தது, ஆகவே இது எனக்கு ஆயுசுபரியந்தம் வேண்டும்' என்று முடிவுகட்டுபவர்கள் அநேகர். அவர்கள் அனுபவம் பொய்யன்று. அதற்கு அவர்கள் கூறும் பொருள்தான் பிழை. பம்புகள் முடங்கியிருக்கும் காலத்தில், அமிலம் குறைந்ததென்று உணரும் உடம்பு, கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை மிகுதியாக வெளியிட்டுச் சுரப்பணுக்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து நின்றதும், மதகைத் திறந்த ஏரியைப்போல் அமிலம் முன்னைவிட மிகுதியாகப் பாய்கிறது. 2009-ல் வெளியான டென்மார்க் தேசத்து ஆய்வொன்றில், வயிற்று உபத்திரவமே இல்லாத 120 பேரில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் முதலிய தொந்தரவுகள் புதிதாகத் தோன்றின. வெற்று மாத்திரை உண்டவர்களில் அவ்வாறு ஆனவர்கள் 15 சதவீதமே. நோயில்லாதவருக்கும் மருந்தை நிறுத்துவதாலேயே எரிச்சல் பிறக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்த எரிச்சல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. ஆகவே வைத்தியரின் யோசனையோடு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டு, இடையில் எரிச்சல் கண்டால் சாதாரண அமிலத் தணிப்புத் திரவத்தை அருந்தி, படிப்படியாக விடுவதே உத்தமமான வழி. இரவு உணவை முன்னதாக முடித்து, உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், தலைமாட்டை உயர்த்திக்கொள்வதும், உடற்பருமனைக் குறைப்பதும், புகையிலையையும் மதுவையும் விடுவதும், கண்ட வலிக்கெல்லாம் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை விழுங்காதிருப்பதும் மாத்திரையின் தேவையையே குறைக்கும்.

எனினும், எல்லோரும் நிறுத்தலாம் என்பது இதன் கருத்தன்று. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்து பிழைத்தவர்கள், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உண்பவர்கள், முதுமையில் வலிமருந்தும் ரத்தம் உறையாமைக்கான மருந்தும் தவிர்க்க முடியாதவர்கள், உணவுக்குழாயில் கடும் புண்ணோ திசு மாற்றமோ உடையவர்கள் ஆகியோருக்கு இம்மாத்திரை உயிர்க்காவல். இவர்கள் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக நிறுத்துவது பெருந்தீங்காகும்.

மாத்திரை மறைத்துவிடும் நோய்கள்

கறுத்த தார்போன்ற மலம், ரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமில்லாத மெலிவு, ரத்தசோகை, நடுவயதுக்குப்பின் புதிதாகத் தோன்றிய அஜீரணம் ஆகியவற்றில் எது இருந்தாலும், கடையில் மாத்திரை வாங்காமல் வைத்தியரிடம் போய் எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேட்க வேண்டும். சென்னையில் ஆண்களைத் தாக்கும் முக்கியமான புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றும் ஒன்று. இம்மாத்திரை அதன் தொடக்க வேதனையைத் தணித்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்திவிடலாம். வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் கூடிய நெஞ்சுவலியை வாய்வு என்று எண்ணி மாத்திரை போட்டுக் காத்திருப்பது உயிருக்கே உலைவைக்கும். அப்போது செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது ஒன்றே.

எந்த மருந்தும் நிரந்தரமாகக் குற்றமற்றதென்று எண்ணிவிடலாகாது. முப்பதாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் நம்பி உண்ணப்பட்ட ரானிடிடின் என்ற மற்றோர் அமில மருந்தில், புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற அசுத்தம் 2019-ல் தென்பட்டது; 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது; 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீங்கியது. மருந்தால் உபத்திரவம் கண்டவர்கள் அதைத் தெரிவிப்பதால்தான் இத்தகைய விழிப்பு சாத்தியமாகிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் எவரும் முறையிடலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இதுதான்: அடுத்த முறை சீட்டில் இந்த மாத்திரையின் பெயரைக் கண்டதும், 'இது எனக்கு எதற்காக, எத்தனை நாளுக்கு, எப்படி நிறுத்துவது?' என்ற மூன்று கேள்விகளையும் மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். வருஷக்கணக்கில் உண்பவரானால் அட்டையை எடுத்துக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, 'இது இன்னும் வேண்டுமா?' என்று விசாரியுங்கள். வைத்தியப் பெருமக்களும் மாத்திரையின் பெயரை எழுதும் அதே வரியில் அதன் முடிவுத் தேதியையும் எழுதிக்கொடுப்பார்களானால், இந்த நல்ல மருந்தினால் விளையும் கெடுதலில் பெரும்பகுதி இல்லாமலே போய்விடும்.